துவர்ப்பின் வரலாறு: பரோலோ குன்றுகளில் ஒரு சுவை வழக்கு

ஐரோப்பிய மொழிகளில் ஒயினைச் சுவைத்து எழுதுவோர் எல்லாரும் ஓரிடத்தில் வந்து தடுமாறுகின்றனர். இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு என்ற நான்கோடு, ஜப்பானியரிடமிருந்து பெற்ற உமாமியையும் சேர்த்து ஐந்து சுவைகளே அவர்கள் கணக்கு. சிவப்பு ஒயினை ஒரு வாய் பருகியதும் ஈறுகளும் கன்னத்தின் உட்புறமும் இறுகி, நாக்கு வறண்டு, வழவழப்பெல்லாம் துடைத்தெடுக்கப்பட்டது போன்ற உணர்வு எழுகிறதே, அதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பட்டு, வெல்வெட்டு, மணல், சுண்ணாம்பு என்று தொடுவுணர்வின் சொற்களைக் கடன் வாங்கி அதைச் சுற்றிச் சுற்றி வருகின்றனர். அறிவியலும் அவர்கள் பக்கமே நிற்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் உள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து அதன் வழுவழுப்பைப் போக்குகிறது. ஆகவே அது பெரும்பாலும் தொடுவுணர்வே என்கின்றனர். அறுசுவையுள் துவர்ப்பையும் ஒன்றாக வைத்த நமக்கு இத்தடுமாற்றம் இல்லை. பாக்கையும் கடுக்காயையும் நாவற்பழத்தையும் அறிந்த நாக்குக்கு, ஒயின் நூல்களின் பல பக்கங்களை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்.

இக்கட்டுரை அந்தத் துவர்ப்பைப் பற்றியது. இத்தாலியின் வடமேற்கே பியமோந்தே மாநிலத்தில், லாங்கே எனப்படும் குன்றுத்தொடரில் விளையும் பரோலோ என்ற ஒயினின் கடுந்துவர்ப்பை என்ன செய்வது என்று பல தலைமுறைகள் வழக்காடியிருக்கின்றன. காலம் அதைத் தணிக்கட்டும் என்றது ஒரு தரப்பு. மனிதன் தணிக்கலாம், தணிக்கவேண்டும் என்றது மறுதரப்பு. இவ்வழக்கின் உச்சத்தில் ஒரு தந்தை தம் மகனுக்குச் சொத்தில்லை என்று எழுதிவைத்துவிட்டு இறந்தார். ஒரு பானத்தின் சுவைக்காக அவ்வளவு தூரம் போவார்களா என்று கேட்கத் தோன்றும். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை அறிந்தபின் எனக்கு அது வியப்பாகப் படவில்லை.

இத்தாலிய ஒயின் என்றதும் நம் நண்பர்கள் புறநானூற்றின் 56ஆம் பாடலை எடுத்துக்கொண்டு வருவர். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மணமுள்ள தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித்தர அருந்தி மகிழுமாறு அவனை வாழ்த்துகிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது இருகைப்பிடி மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இத்தாலியிலிருந்தும் கிரேக்கத் தீவுகளிலிருந்தும் வந்த சாடிகள் அவை. உறவு உண்மையானது, மறுப்பதற்கில்லை. ஆயினும் தேனும் நறுமணப் பொருள்களும், சிலவேளை கடல்நீரும்கூடச் சேர்த்துத் தண்ணீர் விளாவி அருந்தப்பட்ட உரோமானியர் மதுவுக்கும் இன்று பரோலோ என்ற பெயரில் விற்பதற்கும் நாடு ஒன்று என்பதைத் தவிர ஒட்டுறவு அதிகமில்லை. அப்பாடலிலிருந்து நான் எடுத்துக்கொள்ள விரும்புவது 'தேறல்' என்ற சொல்லை மட்டுமே. தேறு என்னும் வினையடியிற் பிறந்த சொல் அது. கலங்கல் அடங்கித் தெளிந்தது என்று பொருள். தேறுவதற்குக் காலம் வேண்டும். எவ்வளவு காலம் என்பதுதான் லாங்கே மக்களின் வழக்கு.

பரோலோ என்பது ஒரு சிற்றூரின் பெயர். அதையும் லா மோர்ரா, கஸ்தில்யோனே ஃபல்லெத்தோ, செர்ராலுங்கா, மொன்ஃபோர்தே முதலியவற்றையும் சேர்த்துப் பதினோர் ஊர்களின் எல்லைக்குள், நெபியோலோ என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்து செய்யப்படுவதற்கே அப்பெயர் உரியது. நெபியோலோ பிடிவாதமான கொடி. வசந்தத்தில் எல்லாவற்றுக்கும் முன்பு தளிர்த்து உறைபனிக்கு இரையாகும். இலையுதிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் பின்பு, மலைகளை மூடுபனி சூழும் வேளையில்தான் பழுக்கும். மூடுபனிக்கு இத்தாலிய மொழியில் நெபியா என்று பெயர். திராட்சையின் பெயர் அதிலிருந்து வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பழத்தின் தோல் மெல்லியது, நிறம் வெளிறியது. ஆனால் துவர்ப்பும் புளிப்பும் மிகுதி. பார்வைக்கு மென்மையும் நாவிற்குக் கடுமையுமான இந்த முரணே நெபியோலோவின் அடையாளம். பிற நாடுகளில் அதை நட்டுப் பார்த்தவர்கள் பலர். லாங்கேயில் தருவதை அது வேறெங்கும் எளிதில் தந்ததில்லை.

பின்பனிக் கனி என்பதால் ஒரு தொல்லை இருந்தது. அக்டோபர் இறுதியில் பறித்துப் பிழிந்த சாறு நொதிக்கத் தொடங்கும்போதே நவம்பர்க் குளிர் நிலவறைக்குள் புகுந்துவிடும். குளிரில் நொதியம் உறங்கிவிடும். சர்க்கரையின் ஒருபகுதி சாராயமாகாமல் எஞ்சும். வெயில் வந்ததும் மீண்டும் நுரைக்கும். 1787இல் பிரான்சில் அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெஃபர்சன் தூரின் நகரில் நெபியோலோவை அருந்திவிட்டுத் தம் பயணக்குறிப்பில் மூன்று ஒயின்களை அதற்கு உவமை காட்டினார்: இனிப்பில் மதேய்ரா, துவர்ப்பில் போர்தோ, துள்ளலில் ஷாம்பெயின். இன்று பரோலோவை 'இத்தாலியின் தொன்மையான மரபு' என்று விற்கும் வணிகர்கள் இந்தக் குறிப்பைப் படிப்பது நல்லது. ஏறத்தாழ 240 ஆண்டுகளுக்கு முன்பு அது இனித்தது, நுரைத்தது.

இனிப்பை நீக்கியவர் யார் என்பதற்கு அழகான கதையொன்று நெடுங்காலம் உலவிற்று. பரோலோவின் கடைசி மார்க்கீசர் கார்லோ தன்கிரேதி ஃபல்லேத்தியை 1806இல் மணந்தவர் ஜூலியெத் கொல்பேர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேரின் குடிவழியில் வந்தவர். அவர் லூயி ஊதார் என்ற பிரெஞ்சு ஒயின் வல்லுநரை அழைத்து வந்ததாகவும், பக்கத்து ஊரான கிரின்சானேயில் நிலம் வைத்திருந்த கவூர் பிரபுவும் அவரையே பணியமர்த்தியதாகவும், அந்தப் பிரெஞ்சுக்காரர் கைபட்டதும் பரோலோ இனிப்பு நீங்கி வீறுபெற்றதாகவும் கதை. அரசர் கார்லோ ஆல்பெர்த்தோ, புகழ்பெற்ற அந்த ஒயினைத் தாம் இன்னும் சுவைக்கவில்லையே என்று கேட்க, தவக்காலத்தின் நாற்பது நாள்களைக் கழித்து ஆண்டின் ஏனைய நாள்களுக்கு ஒன்று வீதம் 325 வண்டிப் பீப்பாய்களை மார்க்கீசி அரண்மனைக்கு அனுப்பினாராம். இதை மெய்யென்று நிறுவும் கணக்கோலை எதையும் நான் கண்டதில்லை. கதை என்ற அளவில் அதன் எழிலுக்குக் குறைவில்லை.

அண்மைக்கால ஆவண ஆராய்ச்சி ஊதாரின் பங்கை வெகுவாகச் சுருக்கிவிட்டது. அவர் அவ்விடம் வருமுன்பே, 1830களில், பாவோலோ ஃபிரான்செஸ்கோ ஸ்தல்யேனோ என்ற உள்ளூர்ப் படைத்தலைவர் கவூரின் நிலவறையில் இனிப்பு எஞ்சாத ஒயினைச் செய்துகொண்டிருந்தார். 1835இல் பியமோந்தே ஒயின்களைச் செய்வதற்கும் காப்பதற்கும் அவர் ஒரு கையேடே எழுதினார். கலங்களின் தூய்மை, மூடிய தொட்டி, நொதித்தலை இடையில் நிற்கவிடாமல் முடிவுவரை கொண்டுசெல்லுதல் என்பவையே அவருடைய வழி. அதில் மந்திரமும் இல்லை, பிரான்சும் இல்லை. ஆனால் பிரெஞ்சுக்காரர் வந்து செய்தார் என்றால்தான் பெருமை என்று இத்தாலியரே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம்பியிருந்தனர். நம் ஊரிலும் பல துறைகளில் காணும் நோய்தான் இது.

மார்க்கீசியின் புகழுக்கு ஒயின் தேவையுமில்லை. தூரின் சிறைகளில் இருந்த பெண் கைதிகளின் நிலையைச் சீர்திருத்துவதில் அவர் தம் வாழ்வைச் செலவிட்டார்; பள்ளிகளும் காப்பகங்களும் நிறுவினார். ஆஸ்திரியச் சிறையில் ஆண்டுக்கணக்காக வாடி மீண்டு, 1832இல் 'என் சிறைகள்' என்ற நூலை வெளியிட்ட சில்வியோ பெல்லிக்கோவுக்குத் தம் மாளிகையில் செயலராகவும் நூலகராகவும் இடமளித்தார். 1854இல் அவர் இறக்கும்வரை அப்புகல் நீடித்தது. கைதிகளிடம் அன்பு கொண்ட பெண்ணும் கைதியாயிருந்த எழுத்தாளரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருக்கின்றனர். ஒயின் நூல்களோ அவரைப் பீப்பாய்களின் எண்ணிக்கையால் நினைவுகூர்கின்றன! 1864இல் மகப்பேறின்றி அவர் இறந்தபோது உடைமைகள் அனைத்தும் அறக்கட்டளை ஒன்றைச் சேர்ந்தன.

ஆக, அரசர்களும் அமைச்சர்களும் பிரபுக்களும் கூடிச் செய்த ஒயின் இது. இனிப்பு என்னும் திரை விலகியதும் துவர்ப்பு வெளியே தெரிந்தது. அதை அடக்க அவர்கள் கண்ட வழி பொறுமை. தோலோடு சாற்றை ஒரு மாதம், சிலவேளை இரண்டு மாதம் ஊறவைப்பர். பின்னர் 'போத்தி' எனப்படும், ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பழைய மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்காக உறங்கவிடுவர். புட்டியில் அடைத்தபின்பும் பத்தாண்டு, இருபதாண்டு கிடக்கும். மகன் பிறந்த ஆண்டின் ஒயினை மகன் திருமணத்தில் திறப்பதே முறை. காத்திருக்க வசதியுள்ளவனின் அழகியல் இது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

ஏனெனில் அக்குன்றுகளில் கொடிகளைப் பேணிய உழவர்களுக்குக் காத்திருக்கும் வசதி இல்லை. இலக்கிய வாசகர்கள் லாங்கேயை ஏற்கனவே வேறொரு வாயிலாக அறிந்திருப்பர். செசாரே பவேசே 1908இல் பிறந்தது இக்குன்றுகளின் கீழ்ப்புறத்தில், சாந்தோ ஸ்தேஃபனோ பெல்போ என்ற ஊரில். 1950இல் வெளிவந்த 'நிலவும் சொக்கப்பனைகளும்' நாவலில் அமெரிக்காவிலிருந்து திரும்பும் நாயகன் காண்பது, தான் குழந்தையாய்க் கூலிக்கு வாழ்ந்த குன்றுகளில் வறுமை அப்படியே இருப்பதை. பெப்பே ஃபெனோலியோ 1922இல் அல்பா நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் தலைமறைவுப் படையில் போரிட்டவர். 1954இல் வெளிவந்த அவருடைய 'மலோரா' குத்தகைக் குடிசைகளின் பசியைக் கண்ணீரின்றிச் சொல்லும் குறுநாவல். ஒயின் கட்டுரையில் இவரைச் சேர்க்க இன்னொரு காரணமும் உண்டு. போருக்குப்பின் நாற்பது வயதில் இறக்கும்வரை அவர் பிழைப்பு நடத்தியது அல்பாவின் ஒயின் நிறுவனமொன்றில் அயல்நாட்டுக் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் வேலையில்தான். பகலில் ஒயினை விற்கும் கடிதம், இரவில் அதை விளைத்தவர்களின் பசி! நூத்தோ ரெவெல்லி அம்மாவட்ட உழவர்களின் வாய்மொழிகளைத் திரட்டி 1977இல் வெளியிட்ட நூலுக்குத் 'தோற்றவர்களின் உலகம்' என்று பெயரிட்டார். வேறு பெயர் பொருந்தியிராது.

அறுவடை நாளில் உழவர் திராட்சையை வண்டியிலேற்றி அல்பா சந்தைச் சதுக்கத்துக்குக் கொண்டுசெல்வர். தரகர்கள் மாலைவரை விலை சொல்லமாட்டார்கள். வெயிலில் பழம் சாறுவிடத் தொடங்கும். திருப்பிக் கொண்டுசெல்ல முடியாது. சொன்ன விலைக்குக் கொடுத்தாகவேண்டும். நெல்லையும் தக்காளியையும் சந்தைக்கு ஏற்றிச்சென்ற குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1950களிலும் 1960களிலும் இளைஞர்கள் குன்றுகளைவிட்டு இறங்கித் தூரினின் கார்த் தொழிற்சாலைகளுக்கும் அல்பாவின் சாக்லேட்டுத் தொழிற்சாலைக்கும் சென்றனர். எஞ்சியவர்கள் வயதானவர்கள்.

மாற்றத்துக்கான முதல் அசைவுகள் அக்காலத்தில்தான். பல ஊர்த் திராட்சையைக் கலந்து ஒரே பரோலோவாகச் செய்வதே வழக்கமாயிருக்க, 1961ஆம் ஆண்டு விளைச்சலில் இரண்டு நிலவறைகள் தனித்தனித் தோட்டங்களின் பெயரைப் புட்டியில் பொறித்தன. பிரேசிலில் பணிபுரிந்து 1965இல் ஊர் திரும்பிய ரெனாத்தோ ராத்தி ஊறலின் காலத்தைக் குறைத்தார். எந்தச் சரிவு எத்தகையது என்று வரைபடம் வரைந்தார். 1966இல் பரோலோ சட்டப் பாதுகாப்புள்ள பெயராயிற்று. 1980இல் அதனினும் உயர்ந்த தகுதி கிடைத்தது. அடுத்த ஊரான பர்பரெஸ்கோவில் ஆஞ்செலோ காயா 1978இல் நெபியோலோ நின்ற நல்ல சரிவொன்றில் பிரெஞ்சுத் திராட்சையான கபெர்னே சொவின்யோனை நட்டார். அவர் தந்தை அவ்வழியே போகும்போதெல்லாம் 'தர்மாஜி' என்று முணுமுணுப்பாராம். அவ்வட்டார வழக்கில் 'ஐயோ, பாவமே' என்று பொருள். மகன் அச்சொல்லையே அந்த ஒயினுக்குப் பெயராகச் சூட்டிவிட்டார்.

அது சிரித்துத் தீர்ந்த பூசல். லா மோர்ராவில் நடந்தது அப்படித் தீரவில்லை. எலியோ அல்தாரே 1976இல் பிரான்சின் பர்கண்டிக்குச் சென்று பார்த்தார். தம்மைப்போன்றே சில ஏக்கர் வைத்திருந்த உழவர்கள் அங்கு மதிப்போடும் வளத்தோடும் வாழ்ந்தனர். அவர்கள் கையாண்டது 'பாரிக்' எனப்படும் சிறிய புதிய ஓக்குப் பீப்பாய். ஊர் திரும்பியவர் கொடியில் காய்த்த குலைகளுள் ஒருபகுதியைக் கோடையிலேயே வெட்டித் தரையில் வீழ்த்தினார். எஞ்சியவை செறிவாகப் பழுக்குமென்று. பசியறிந்த தலைமுறையின் கண்ணுக்கு அது பாவம். பின்னர் 1983இல் ஒரு நாள், மின்வாளை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கித் தந்தையின் பழைய போத்திகளை அறுத்துத் தள்ளினார். தந்தை அவரை மன்னிக்கவில்லை. 1985இல் அவர் இறந்தபோது மகனுக்கு நிலமில்லை. தாம் உழுத தோட்டத்தை அல்தாரே உடன்பிறந்தாரிடமிருந்து விலைக்கு வாங்கவேண்டியதாயிற்று.

அறுபட்ட பீப்பாய்களைப் பற்றி இருவிதமாகவும் சொல்லலாம். பராமரிப்பில்லாத பழைய மரத்தில் கிருமிகள் குடியேறி ஒயினுக்குத் தொழுவ வாடையைத் தந்தன என்பது உண்மை. 'மரபு' என்ற பெயரில் அழுக்கையும் பாதுகாத்தவர்கள் அங்கும் இருந்தனர். அல்தாரேயும் அவரைச் சூழ்ந்த இளையோரும் ஊறலைச் சில நாள்களாகச் சுருக்கினர். சுழலும் தொட்டிகளைக் கொண்டுவந்தனர். பாரிக்குகளில் ஒயினை அடைத்தனர். துவர்ப்பு தணிந்தது, நிறம் கருத்தது, வனிலா மணம் ஏறிற்று, இருபதாண்டு காத்திராமல் ஐந்தாண்டில் அருந்தலாம் என்றாயிற்று. தரகனை ஒழித்துத் தம் பெயரில் புட்டியில் அடைத்து விற்க முனைந்த சிறு உழவனுக்கு, இருபதாண்டு காத்திருக்கத் தேவையில்லாத சரக்கு என்பது சுவைத்தேர்வு மட்டுமன்று, பிழைப்பு. இதைக் கருதாமல் நவீனர்களை 'அமெரிக்க நாவுக்கு அடிபணிந்தவர்கள்' என்று எள்ளுவது எனக்கு உடன்பாடன்று.

1986 மார்ச்சில் பேரிடி ஒன்று விழுந்தது. மலிவு ஒயினில் மெத்தனாலைக் கலந்து சாராயச் செறிவை உயர்த்தியிருந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; பலர் பார்வையிழந்தனர். கலப்படச் சரக்கின் ஊற்றுக்கண் பரோலோவுக்கு மிக அருகிலுள்ள நர்சோலே என்ற ஊரில் இருந்தது. மெத்தனால் என்ற சொல்லைக் கேட்டு நாம் நடுங்குவதுபோல் இத்தாலியும் அன்று நடுங்கிற்று, ஏற்றுமதி சரிந்தது. அதன்பின் 'யார் செய்தது, எந்தத் தோட்டத்தில் விளைந்தது' என்று முகவரி சொல்லக்கூடிய ஒயினையே மக்கள் நாடினர். சிறு உழவர்களுக்கு வாயில் திறந்தது அந்தப் பேரழிவின் வழியாகத்தான். 1990களில் அமெரிக்காவில் அவர்கள் 'பரோலோ பாய்ஸ்' என்று கொண்டாடப்பட்டனர். 2014இல் அப்பெயரிலேயே ஓர் ஆவணப்படமும் வந்தது.

மறுதரப்பின் முகம் பார்த்தோலோ மஸ்கரெல்லோ. இளமையில் பாசிசத்தை எதிர்த்துப் போராடியவர். பரோலோ ஊரின் நடுவிலிருந்த சிறிய நிலவறையில் கன்னூபி உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் திராட்சையைக் கலந்து ஒரே பரோலோவைச் செய்துவந்தார். கன்னூபி என்ற பெயரை மட்டும் தனியே பொறித்தால் மும்மடங்கு விலை கிடைத்திருக்கும்; மறுத்துவிட்டார். கலப்பதற்கு அவரிடம் நியாயம் இருந்தது. லா மோர்ராப் பக்கத்து நீலச்சாம்பல் சுண்ணக்களிமண் மணத்தையும் மென்மையையும் தரும். செர்ராலுங்காப் பக்கத்து மணற்கல் நிலம் உடற்கட்டையும் கடுந்துவர்ப்பையும் தரும். ஒரு மண்ணின் குறையை மற்றொன்றின் நிறை ஈடுசெய்யும் என்பது முன்னோர் கண்ட வழி. முதுமையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவர் புட்டிகளுக்கான சீட்டுகளைத் தம் கையாலேயே வரைந்தார். அவற்றுள் ஒன்றில் 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று எழுதினார். அல்பாவில் ஒரு கடையின் காட்சிப்பெட்டியிலிருந்து அதைக் காவலர்கள் அப்புறப்படுத்தியதாகச் சொல்வர். 2005இல் மறைந்தார், மகள் மரியா தெரேசா அதே வழியில் தொடர்ந்தார்.

பீப்பாயையும் பிரதமரையும் ஒரே வரியில் மறுப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அவருக்கு அது ஒரே மறுப்புதான். எல்லா ஊர் ஒயினும் வனிலா மணக்கத் தொடங்கினால் எந்த ஊருக்கும் முகம் இராது. எல்லாருக்கும் பிடிக்குமாறு ஒரு குரல் எல்லா வீட்டுத் தொலைக்காட்சியிலும் பேசத் தொடங்கினால் எவருக்கும் நாக்கு இராது. அவர் கருத்தை இவ்வாறே புரிந்துகொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் காத்த மரபும் ஸ்தல்யேனோவின் கையேட்டிலிருந்து எண்ணினால் இரு நூற்றாண்டை எட்டாதது. ஜெஃபர்சன் காலத்து உழவன் ஒருவன் எழுந்துவந்தால் மஸ்கரெல்லோவின் ஒயினையும் 'இது நம்முடையதன்று' என்றே துப்பியிருப்பான்.

இவ்விரு தரப்பையும் நாவால் பிரித்தறிவது எப்படி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இவ்வொயினை நான் அருந்தியது மிகச் சிலமுறையே. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பரின் தயவால். கிண்ணத்தை வெள்ளைத்தாளின்மேல் சாய்த்துப் பார்க்கவேண்டும். நெபியோலோ இயல்பில் வெளிறிய மாதுளைச் சிவப்பு; அகவை ஏற ஏற விளிம்பில் செங்கல் நிறம் படரும். கருஞ்சிவப்பாக இருந்தால் புதுப்பீப்பாயும் சுழல்தொட்டியும் வேலை செய்திருக்கின்றன என்று ஐயுறலாம். அடுத்தது மணம். உலர்ந்த ரோசா இதழும் தாரும் என்று ஒயின் நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும். முதலில் நான் நம்பவில்லை. வெயிலில் இளகிய தார்ச்சாலையும் மாலையில் வாடிய பன்னீர்ரோசாவும் ஒரே கிண்ணத்தில் எழுந்தபோது நம்பினேன். வனிலாவோ வறுத்த காப்பிக்கொட்டையோ முன்னே வந்தால் அது பாரிக்கின் மணம். பின்னர் ஒரு வாய் எடுத்து நாக்கில் பரப்பவேண்டும். வெறும் வாயில் பரோலோவை அருந்துவது பிஞ்சு வாழைக்காயைக் கடிப்பது போன்றது. உணவோடு அருந்த வேண்டும். இறைச்சியின் கொழுப்பும் பாலாடைக்கட்டியின் புரதமும் டானினை ஏந்திக்கொள்ள, துவர்ப்பு பின்வாங்கிப் பழத்தின் சுவை முன்வரும். விழுங்கியபின் நெடுநேரம் நாவில் நிற்பது எது என்று கவனிக்க வேண்டும். நல்ல பரோலோவில் அது பெரும்பாலும் துவர்ப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த மெல்லிய இனிமை. நெல்லிக்காயை மென்றபின் தண்ணீர் குடித்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

போர் எவ்வாறு முடிந்தது? ஒருவரும் வெல்லவில்லை, ஒருவரும் சரணடையவில்லை. நவீனர்களுள் பலர் புதுப்பீப்பாய்களைக் குறைத்துக்கொண்டு பெரிய போத்திகளுக்குத் திரும்பினர். மரபினர் நிலவறையைக் கழுவவும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தவும் கற்றுக்கொண்டனர். குலைகளைக் குறைப்பது இன்று பாவமில்லை, எல்லாரும் செய்கின்றனர். சட்டப்படி 38 மாதம் முதிரவேண்டும், அதில் 18 மாதம் மரத்தில் இருக்கவேண்டும். சிறிய மரமா பெரிய மரமா என்று சட்டம் கேட்பதில்லை. 2014இல் யுனெஸ்கோ இக்குன்றுகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தோற்றவர்களின் உலகம் என்று ரெவெல்லி எழுதிய மாவட்டத்தில் இன்று ஒரு ஹெக்டேர் பரோலோத் தோட்டத்தை உழவனின் பிள்ளை வாங்க இயலாது. வங்கிகளும் அயல்நாட்டுச் செல்வர்களும் வாங்குகின்றனர்.

இதற்கிடையில் வழக்கில் தொடர்பே இல்லாத ஒன்று நுழைந்து துவர்ப்பைத் தணிக்கத் தொடங்கியிருக்கிறது. கோடைகள் நீண்டு சுடுகின்றன. அக்டோபர் இறுதியில் மூடுபனிக்குள் பறிக்கப்பட்ட நெபியோலோ இப்போது பல ஆண்டுகளில் மாதத் தொடக்கத்திலேயே, சிலவேளை செப்டம்பரிலேயே பழுத்துவிடுகிறது. வெயிலில் முற்றக் கனிந்த தோலின் டானின் கடுமை குறைந்தது; இளமையிலேயே அருந்தத்தக்கது. அல்தாரே மின்வாளால் தேடியதைக் கதிரவன் கூலியின்றித் தருகிறான். சாராயச் செறிவும் கூடவே ஏறுகிறது. அவ்வட்டாரத்தில் 'சொரி' என்றொரு சொல் உண்டு. தெற்கு நோக்கிய, வசந்தத்தில் பனி முதலில் உருகும் சரிவு என்று பொருள். நெபியோலோவுக்கு அத்தகைய இடத்தையே முன்னோர் ஒதுக்கினர். வடக்கு நோக்கிய சரிவுகளைப் பரோலோவின் சட்டவிதி விலக்கி வைத்திருந்தது. அவ்விலக்கை நீக்கலாமா என்ற பேச்சு 2024இல் எழுந்து, உழவர்களிடையே மீண்டும் இரு தரப்புகளை உண்டாக்கிற்று. பனி முதலில் உருகும் இடத்தைத் தேடி நட்டவர்களின் பேரப்பிள்ளைகள், பனி கடைசியில் உருகும் இடம் யாருக்குச் சொந்தம் என்று விசாரித்துக்கொண்டிருக்கின்றனர்.